மருத்துவரின் கை

என் அன்பானவருக்கு,

இங்கே நானும் வாலுவும் சுகம். நீங்கள் சுகமா என்று வழக்கமாகக் கேட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். இந்தத் தடவை அந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும்.

போனில் கேட்டால் "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிடுவீர்கள். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் வகுப்புச் செய்தி. உங்களிடம் வந்து சேர்வதற்காக ஜப்பானிய மொழி படிக்கிறேன் அல்லவா, போன வாரம் டீச்சர் ஆளுக்கொரு எழுத்தைக் கொடுத்தார். அதன் பொருள் என்ன, எப்படியெல்லாம் உச்சரிக்கலாம், எந்தெந்தச் சொல்லில் வரும் என்று தேடிப் படித்து வந்து எல்லோர் முன்னாலும் பேச வேண்டும். எனக்கு வந்தது 手. கை. நாலே கோடு. மேலே சாய்வாக ஒன்று, குறுக்கே இரண்டு, நடுவில் இறங்கி அடியில் இடப்பக்கம் கொக்கி போடுவது ஒன்று. வாலுவும் என் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினாள். கடைசிக் கோட்டை வலப்பக்கம் வளைத்து இழுத்துவிட்டாள். அதைப் பார்த்து டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்படித் திருப்பினால் அது கை இல்லையாம், முடியாம். அப்பாவுக்குக் கை எழுதி அனுப்பப் போன பிள்ளை ஒரு கத்தை முடியை அனுப்பப் பார்த்தது. உங்கள் தலையை நினைத்தால் அதுவும் தேவைதான்.

இந்த எழுத்து தனியாக நின்றால் 'தெ'. வேறு எழுத்தோடு சேர்ந்தால் பல இடங்களில் 'ஷு'. கையோடு தாள் சேர்ந்தால் கடிதம். அதற்கு 'தெகாமி' என்று பெயர். ஓட்டுநர் என்ற சொல்லின் கடைசியிலும் ஒரு கை உண்டு, அங்கே 'ஷு'. கைக்கு முன்னால் 'மேல்' என்ற எழுத்தை வைத்தால் கெட்டிக்காரர், 'கீழ்' வைத்தால் ஒன்றுக்கும் உதவாதவர். அந்த இரண்டிலும் 'தெ'யும் கிடையாது, 'ஷு'வும் கிடையாது. 'ஜோஸு', 'ஹெதா' என்று அவை தனி ரகம். மனப்பாடம்தான் செய்ய வேண்டும். நாமும் கைதேர்ந்தவர், கையாலாகாதவர் என்கிறோமே, எங்கே போனாலும் மனுஷன் ஒரே மாதிரிதான் யோசிக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரம் முழுக்க சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, உங்கள் அறையில் தங்கியிருக்கும் வெல்டர் அண்ணன் போன் செய்தார். எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துவிட்டார், பாவம். எடுத்த எடுப்பிலேயே, "ஷுஜுட்சு நல்லபடியா முடிஞ்சுதும்மா, கவலப்படாதீங்க" என்றார். நான் என்னவென்று கேட்டேன். உடனே அவர், "சும்மா வேல விஷயம், அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார். மறுபடி அடித்தால் எடுக்கவில்லை. கையில் ஈரத்துணியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

மறுநாள் வகுப்பு தொடங்கும் முன்பே போய் டீச்சரிடம் அந்தச் சொல்லைக் கேட்டேன். பலகையில் இரண்டு எழுத்து எழுதினார். முதல் எழுத்து என்னுடையது. கை. ஷு. அறுவை சிகிச்சை என்றார். அப்படியென்றால் கையில் செய்வதா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "இல்லம்மா, அது டாக்டரோட கை. கண்ணுல பண்ணாலும் இதயத்துல பண்ணாலும் இதே சொல்தான்" என்றார். ஒரு வாரமாக அந்த எழுத்தையே கட்டிக்கொண்டு அழுதேன். உங்கள் உடம்பில் எந்த இடம் என்று அது எனக்குச் சொல்லவில்லை. வயிறா, தலையா, நெஞ்சா? அதே மனதோடு முன்னால் போய் நின்று பத்து நிமிஷம் கையைப் பற்றிப் பேசினேன். கைதட்டினார்கள். என்ன பேசினேன் என்று இப்போது கேட்டால் தெரியாது.

வகுப்பு முடிந்ததும் டீச்சர் தன் போனைக் கொடுத்தார். புது எண் என்பதால் அண்ணன் எடுத்துவிட்டார். நான் விடவில்லை. "அவரு உயிரோட இருக்காரா, அத மட்டும் சொல்லுங்க" என்று கத்திவிட்டேன். அதன் பிறகுதான் சொன்னார். அச்சு இயந்திரத்தில் வலது கை மாட்டிக்கொண்டது, இரண்டு விரல், ஒன்றை ஒட்டவைத்துவிட்டார்கள், சுண்டுவிரல் போய்விட்டது. நீங்கள் அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தீர்களாம். அவர் மேல் கோபப்படாதீர்கள். உங்களுக்குச் சோறு ஊட்டுகிறவர் அவர்தான் என்பதும் எனக்குத் தெரியும்.

ஒரு பக்கம் உயிர் திரும்பி வந்தது போல இருந்தது. இன்னொரு பக்கம், இதை ஏன் என்னிடம் மறைத்தீர்கள் என்று ஆத்திரம். "நீ மெதுவா வா, ஒண்ணும் அவசரமில்ல" என்று நீங்கள் சொல்லத் தொடங்கியபோது நான் என்னென்னவோ நினைத்தேன். அதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. வேலையிலிருந்து அனுப்பிவிடுவார்களோ என்ற பயமா? அனுப்பட்டும். இங்கே வீடு இருக்கிறது, நாங்கள் இருக்கிறோம். அனுப்பாவிட்டால், தேர்வு முடிந்த கையோடு நான் வந்து நிற்பேன். நீங்கள் வேண்டாம் என்றாலும் வருவேன்.

உங்கள் அம்மா கேட்டபோது, ஷிப்ட் மாறியதால் நீங்கள் பேசுவதில்லை என்று சொல்லிவிட்டேன். பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள். உங்களை மட்டும் எப்படித் திட்டுவது?

நேற்று நீங்கள் அனுப்பிய குரல் செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். வேலை அதிகம் என்கிறீர்கள். மூச்சு வாங்குகிறது. வலிக்கிறதா? இரவில் தூங்குகிறீர்களா? கட்டுப் போட்ட கையோடு சட்டைப் பொத்தானை எப்படிப் போடுகிறீர்கள்? அண்ணன் போட்டுவிடுகிறாரா, இல்லை அந்தக் குளிரில் திறந்தபடியே திரிகிறீர்களா? வேறொன்றும் சொல்லப் பிடிக்காவிட்டால் பரவாயில்லை. பொத்தானைப் பற்றி மட்டுமாவது எனக்குச் சொல்லுங்கள்.

நீங்கள் தேறிவர எந்நேரமும் வேண்டிக்கொண்டிருக்கும்,
வாலுவின் அம்மா