ஒன்பது குப்பிகளில் மூன்று

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். அம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது? போனில் என் கம்மிய குரலைக் கேட்டு, "ஊசி கீசி குத்திக்கிட்டயா கண்ணு?" என்றீர்கள். அப்படி எதுவும் இல்லை.

காலா-அசார் காய்ச்சலைத் தரும் கிருமியில் இரண்டு வகைகளைச் சேரவிட்டு, பிறக்கும் கலப்பில் குரோமோசோம் தொகுதி எத்தனை என்று எண்ணுகிறேன். இரு பக்கமும் தம்மிடமுள்ள இரண்டில் ஒவ்வொரு தொகுதி தந்தால் இரண்டு இருக்க வேண்டும். எனக்கு மூன்று வந்தது.

ஆனால் தனித்தனியாக வளர்ந்த கலப்புகள் கொஞ்சமாக இருந்ததால், எல்லாவற்றையும் ஒரே குப்பியில் ஊற்றியிருந்தேன். என் வழிகாட்டி அருள்பிரகாஷ் சார் நம் மலைக்குக் கீழே ராசிபுரத்துக்காரர். "ஏம்மா, இதென்ன உங்க மலைக்காடா, சாமையும் ராகியும் கலந்து விதைக்க? எதை எண்ணுனன்னு உனக்கே தெரியாது. ஒரு வருச வேலை குப்பைக்குத்தான்" என்றார்.

குரல் கம்மியது அதனால்தான். பிறகு அந்தக் கலவையிலிருந்து ஒற்றைக் கிருமியாகப் பிரித்து, பன்னிரண்டு குப்பிகளில் வளர்த்தேன். நேற்று எண்ணினோம். மூன்று குப்பிகளில் இரண்டு தொகுதி, மற்ற ஒன்பதிலும் மூன்று தொகுதி. ஒரு பக்கம் பாதி கொடுத்திருக்கிறது. மறு பக்கம் பிரிக்காமல் முழுதையும் கொடுத்துவிட்டது. சார் இரண்டு முறை பார்த்துவிட்டு, "சரிம்மா, மொதல்ல இருந்து இன்னொருக்கா செஞ்சு காட்டு" என்றார்.

கொஞ்சம் மிளகு அனுப்புங்கள். கொல்கத்தாவிலும் கிடைக்கிறது, இருந்தாலும் அனுப்புங்கள்.

குப்பிகளை மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தைக்கு வர முடியாது. அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் அழுதுவிடுவேன். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உங்கள்
கலைச்செல்வி