எலுமிச்சம்பழ வாசல்

இன்று காலை தொழிற்சாலை வாசலில் வேலை அட்டையைத் தேடிக் கைப்பையைக் கிளறினேன். அந்த வட்ட மரத்துண்டு விரலில் தட்டுப்பட்டது. மூக்கருகே கொண்டுபோனேன். இன்னும் வார்னிஷ் வாடை போகவில்லையடி. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும் என்று நின்றுவிட்டேன்.

கூலாயில் நமக்கு அடுத்தடுத்த வீடு. செனாயில் ஒரே தொழிற்சாலை, போக ஒரே பஸ். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில், பட்டுப்போன மரம் ஒன்று இருந்தது. அதன் மொட்டைக் கிளையில் சிட்டுக்குருவி அளவில், கறுப்பும் வெள்ளையுமாக ஒன்று உட்கார்ந்திருந்தது. நான் குருவி என்றேன். அது சட்டென்று பாய்ந்து, பறக்கிற தும்பியைக் காலால் பற்றிக்கொண்டு கிளைக்குத் திரும்பியது.

"குருவியா? கால பாரு லா! வல்லூறுடீ அது!" என்று கத்தினாய். அந்தக் கூத்தில் பஸ் போய்விட்டது. சூப்பர்வைசரிடம் ஏச்சு வாங்கியது மட்டும் நான். நீ அவரிடமும் பறவைக் கதையைச் சொல்லித் தப்பித்துக்கொண்டாய்.

முன்பு அந்தக் கிளையில் ஒரு குடும்பமே ஒட்டி உட்கார்ந்திருக்குமாம். நாம் பார்த்தபோது ஒரு ஜோடிதான் மிச்சம். அவற்றுக்குச் சொந்தமாகப் பொந்து குடையத் தெரியாது. மரங்கொத்தி விட்டுப்போன பொந்தில்தான் முட்டையிடும். சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் அந்த மரத்தையும் சாய்த்தார்கள். மறுநாள் ஜோடி மின்கம்பியில் உட்கார்ந்திருந்தது. உனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் எனக்குப் பயமாக இருக்கிறது.

"செத்த மரம்னு வெட்டிட்டாங்க. அதுதானே அதுங்களுக்கு வீடு? நாம கட்டிக் குடுப்போம்."

எலி பிடிக்க ஆந்தை வேண்டுமென்று தோட்டத்தில் பெட்டி வைப்பார்களே, அதைப் பார்த்து முதல் பெட்டியைச் செய்து பஸ் ஸ்டாப் பக்கத்துக் கம்பத்தில் மாட்டினோம். வாசல் பெரிதாகிவிட்டது, மைனாக்கள் குடியேறின. இரண்டாவதற்கு, உன் அடுப்படியிலிருந்த எலுமிச்சம்பழத்தைப் பலகையில் வைத்து வட்டம் வரைந்து அறுத்தாய். மைனாவால் நுழைய முடியவில்லை. அதோடு விட்டாயா? புது வீடாச்சே என்று பலகைக்கும் அறுத்தெடுத்த வட்டத் துண்டுக்கும் வார்னிஷ், மேலே மஞ்சள் குங்குமம், மாவிலைத் தோரணம், உள்ளே சாம்பிராணிப் புகை. பஸ் ஸ்டாப்பிலேயே ஃபிளாஸ்க்கைத் திறந்து, காய்ச்சிய பாலை எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தாய். குடித்தவர்களில் நானும் ஒருத்தி. அந்த வட்டத் துண்டை அன்றே என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

வல்லூறுகள் வந்தன. கூரையில் உட்கார்ந்தன. தோரணம் காற்றில் ஆடியதும் பறந்துவிட்டன. நாள்தோறும் இதே கதை. "வாஸ்து சரியில்ல போல" என்று நான் சிரித்ததற்கு என்னோடு பேசாமல் இருந்தாய். பிறகு நீயாகவே வந்து, "அலமாக்! நாமதான்டீ தொரத்தியிருக்கோம்! அந்த வாட நமக்கே தல வலிக்குதே!" என்றாய்.

மூன்றாவது பெட்டி வெறும் பலகை, அதே எலுமிச்சம்பழ வாசல், உள்ளே கொஞ்சம் மரத்தூள், அவ்வளவுதான். அதை மாட்டிய சமயம் உனக்கு டயாலிசிஸ் தொடங்கியிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கூட்டிவர வரும்போதெல்லாம் "பசியாறிட்டியா" என்றுகூடக் கேட்கமாட்டாய். "வந்துச்சா?" என்பாய்.

"வரல."

"சரி. என்ன சந்தோஷப்படுத்தப் பொய் சொல்லாத. வந்தா மட்டும் சொல்லு."

கடைசிவரை வரவில்லை என்றே சொன்னேன். அது உண்மை. ஆனாலும் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது.

உன் கருமாதி முடிந்த கையோடு என் வீட்டுக்காரர், "அவங்களே போயிட்டாங்க, இனி எதுக்கு அந்தப் பெட்டி? கழட்டிடவா?" என்றார். "கைய வச்சுப் பாருங்க!" என்றேன். அன்றிலிருந்து ஏணி பிடிப்பது அவர் வேலை. எறும்பு மொய்த்தால் துடைத்தேன். மழை உள்ளே இறங்கியதும் கூரைக்குத் தகரம் அடித்தேன். பஸ் ஸ்டாப்பில் எனக்குப் பைத்தியக்காரி என்று பெயர். இருந்துவிட்டுப் போகட்டும்.

போன வாரம் வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கினேன். காலடியில் தும்பியின் சிறகுகள் கிடந்தன. நிமிர்ந்து பார்த்தேன். உன் எலுமிச்சம்பழ வாசலில் ஒரு சின்னத் தலை. இன்னொன்று வாயில் இரையோடு வந்து அதற்கு ஊட்டியது. நான் ஓடினேன். மூச்சிரைக்க உன் வீட்டுக் கேட்டைத் தட்டிய பிறகுதான், நீ இல்லை என்பது உறைத்தது. உன் மகள் திறந்தாள். இருவரும் அங்கேயே நின்று அழுதோம்.

தோட்டத்தின் அடுத்த ஓரத்திலும் பட்ட மரங்களை வெட்டப் போகிறார்களாம். அடுத்த பெட்டிக்குப் பலகை என் சமையலறையில் இருக்கிறது. உன் மகள் அலங்கரிக்க வார்னிஷ் டப்பாவோடு வந்தாள், உன் மகளாச்சே. வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். இப்போது உன் வட்டத் துண்டைப் பலகையில் அழுத்திப் பிடித்து, பென்சிலால் சுற்றி வரைந்துகொண்டிருக்கிறேன். வரைந்ததும் அது என் கைப்பைக்கே திரும்பிவிடும்.

பொய் இல்லை. வந்துச்சுடீ.