அப்பாவின் பக்கத்து இடம்

ஆம்பூர்
மே 14, புதன், மதியம்

அன்புத் தம்பி ஜெயப்பிரகாஷுக்கு,

அக்கா சுந்தரி எழுதுகிறேன். நீயும் பூங்குழலியும் குழந்தையும் அந்த ஊரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். நாங்கள் எப்படி இருக்கிறோம் என்பதை இதைப் படித்து முடித்துவிட்டு நீயே சொல். இந்தக் காலத்தில் காகிதமும் பேனாவுமா என்று சிரிக்காதே. போனில் பெஞ்சு என்று ஆரம்பித்தாலே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. எழுதிப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டால் எந்த மீட்டிங்கில் இருந்தாலும் படித்துத்தானே ஆக வேண்டும்.

இங்கே கத்திரி வெயில் கொளுத்துகிறது. கணியம்பாடி சித்தி போன வாரம் வந்துபோனாள். சர்க்கரை ஜாஸ்தியாகிவிட்டது, ஆனால் மாம்பழத்தை விடமாட்டேன் என்கிறாள். உனக்கு மாங்காய்த் தொக்கு போட்டு வைத்திருக்கிறேன், கொடுத்தனுப்ப ஆள்தான் அகப்படவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்றுக் காலை ஆறரை மணிக்கு அம்மா குடத்திலிருந்து தண்ணீரைப் பெஞ்சின் மேல் ஊற்றிவிட்டு அதிலேயே உட்கார்ந்துகொண்டாள். இந்த நிமிஷம் வரை அங்கேதான் இருக்கிறாள். பாத்ரூமுக்கு மட்டும் எழுந்து போகிறாள். திரும்பி வந்து கையால் தடவிப் பார்த்து, எழுந்த இடத்திலேயே சரியாகப் பொருந்தி உட்காருகிறாள். ராத்திரி சுவரில் சாய்ந்து தூங்கினாள். எழுபத்தேழு வயசு. நான் கெஞ்சினேன், திட்டினேன், அழுதுகூடப் பார்த்தேன்.

இதில் என் தப்பும் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் அந்தப் பெஞ்சைப் பற்றி உனக்குத் தெரியாததையும் சொல்லிவிட வேண்டும். அப்பா போனபோது உனக்கு மூணு வயசு. எனக்குப் பத்து.

அதைச் செய்தவர் வாலாஜாபேட்டை ரத்தினசாமி. தச்சர் இல்லை, மெட்ராஸில் ஓவியம் படித்தவர். டேனரி முதலாளி அமீர் பாஷா தன் வாப்பாவின் படத்தை வரையச் சொல்லி அவரைக் கூட்டிவந்தார். வந்தவர் படத்தைப் பாதியில் போட்டுவிட்டு ஷெட்டில் மரம் இழைக்க ஆரம்பித்துவிட்டார். தேக்கில் சட்டம், கீழே போகப்போக மெலிந்து சாய்ந்து நிற்கிற கால்கள், ஓர் ஆணி கிடையாது. உட்காருகிற இடத்துக்கு ஆவாரம்பட்டையில் பதமிட்ட எருமைத்தோலை ஊறவைத்து இழுத்துக் கட்டுவார். பிறகு வேலைக்காரர்களில் ஒருத்தரைக் கூப்பிட்டு அதன் ஒரு ஓரத்தில் உட்காரவைப்பார். தோல் காயும்வரை அந்த ஆள் அசையக்கூடாது. காய்ந்ததும் அந்த உடம்பு அப்படியே தோலில் பதிந்திருக்கும். மீதி இடத்தை வெறுமனே விட்டுவிடுவார். அப்படி ஆறு பேருக்கு ஆறு பெஞ்சு செய்து டேனரி கேட்டருகில் போட்டார். ஒன்றில் பதிந்தது நம் அப்பா கன்னியப்பன். அது அறுபத்தொன்பதில், அம்மாவைக் கட்டிய மறு வருஷம்.

எண்பத்தொன்றில் டேனரியில் தோல் ஊறுகிற தொட்டியைக் கழுவ இறங்கிய ஒருவன் விஷவாயுவில் மயங்கி விழுந்தான். அவனைத் தூக்க அப்பா இறங்கினார். அவன் பிழைத்துக்கொண்டான். அப்பாவைச் சொட்டச் சொட்ட நனைந்தபடி தூக்கிவந்து கேட்டருகில் கையில் அகப்பட்ட பெஞ்சில் கிடத்தினார்கள். அது அவருடைய பெஞ்சு. வாட்ச்மேன் ஹஸன் பாய் சாக்கைப் போட்டு மூடினார். அவர் மூடுவதற்கு முன்னாலேயே நான் பார்த்துவிட்டேன். சாயங்காலம்வரை அங்கேதான் கிடந்தார், தோல் அன்றைக்கும் நன்றாக நனைந்திருந்தது. இதை இத்தனை வருஷமாக உன்னிடம் நான் சொன்னதில்லை.

நாலு வருஷம் கழித்து டேனரியை மூடியபோது ஹஸன் பாய்தான் அதை மாட்டுவண்டியில் கொண்டுவந்து இறக்கினார். கல்யாணப் படத்தைக் கரையான் தின்ற பிறகு அப்பாவுக்கு நம் வீட்டில் வேறு படம் இல்லை. அப்பா எப்படி இருப்பார் என்று நீ கேட்கும்போதெல்லாம் அம்மா அந்தக் குழியைத்தான் காட்டுவாள். ஏழு வயதில் நீ அதில் படுத்துத் தூங்கிவிட்டு ஜுரத்தோடு எழுந்தாய். யாரோ இடுப்பைப் பிடித்து மடியில் வைத்திருந்ததாகச் சொன்னாய். அன்றைக்குப் பிறகு பெஞ்சு கிடக்கிற அந்த அறைக்குள் நீ வரவில்லை. ஹாஸ்டல், சென்னை, அப்புறம் ஹாம்பர்க். நீ வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. உன்மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. கோபம்தான்.

பெஞ்சை விலைக்கு வாங்க முந்தாநாள் சென்னையிலிருந்து வந்த அந்த வசந்தைக் குறை சொல்ல மாட்டேன். மரியாதையான பிள்ளை. பெஞ்சைக் குப்புறப் போட்டு, ரத்தினசாமி சூடுபோட்ட முத்திரையைப் பார்த்ததும் சாமியைப் பார்த்தவன் மாதிரி கண்ணில் ஒற்றிக்கொண்டான். மீதி ஐந்தில் நாலு வெளிநாட்டு வீடுகளில் இருக்கிறதாம், ஒன்று உடைந்துபோனதாம். அம்மா அந்தச் சாமானோடு தனியாகக் கிடக்க வேண்டாம், எடுத்துப் போங்கள் என்று நீ அவனுக்கு எழுதிவிட்டாய். உன் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவன் போகிறபோது ஒன்று சொன்னான். ஒரு பக்கம் தோல் தொய்ந்து குழி விழுந்திருக்கிறதாம். அதை உரித்துவிட்டுப் புதுத்தோல் போட்டுவிடுவார்களாம்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அம்மா, பழைய தோலை எப்படி எடுப்பார்கள் என்று என்னிடம் கேட்டாள். ஷூ கம்பெனியில் இருபத்தாறு வருஷம் குவாலிட்டி பார்த்தவளாயிற்றே, என் வாய் சும்மா இருக்குமா? ஆவாரம்பட்டைத் தோல் எவ்வளவு பழசானாலும் தண்ணீரில் ஊறினால் இளகிவிடும், இருக்கிற உருவம் போய்விடும், அந்த நேரத்தில் எதை வைத்தாலும் அதன் உருவத்தை எடுத்துக்கொள்ளும் என்று பாடம் நடத்தினேன். அம்மா சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டே இருந்தாள். மறுநாள் குடத்தோடு போய்விட்டாள்.

இனி எழுதப்போவதை நீ நம்பாவிட்டாலும் படி. எனக்குப் பேய் பிசாசு நம்பிக்கை கிடையாது, அமிர்திக் காட்டில் தனியாக நடந்தவள் நான். அம்மா தண்ணீர் ஊற்றியது வெறுமனே இருந்த நடுப்பக்கத்தில். ஒரே தோல் என்பதால் ஈரம் பரவி அப்பாவின் குழியும் நனைந்துவிட்டது. அது எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆள் உட்காராத ஈரத்தோல் காயக் காய மேலே இழுத்துக்கொள்ளும், குழி மெல்ல மறையும். அதுதான் முறை. அப்பாவின் இடம் இத்தோடு போய்விட்டதே என்று நேற்று முழுக்க அழுதேன். இன்று காலை டேப் எடுத்து அளந்தேன். நேற்று அளந்ததைவிடக் குழி அரை அங்குலம் இறங்கியிருக்கிறது. பத்து மணிக்கு மறுபடியும் அளந்தேன், இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது. அந்தப் பக்கத்துக் கால்கள் முனகுகின்றன, பளுவான ஆள் உட்கார்ந்தால் கேட்குமே, அந்தச் சத்தம். அறை முழுக்க டேனரி வாசனை. எனக்குப் பயமாக இருக்கிறது. ஐம்பத்துநாலு வயதில் இதைச் சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது.

அம்மாவுக்குப் பயமே இல்லை. நாற்பது வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்கு எண்ணெய் போட்டுத் துடைத்தவள், ஒருநாள்கூட அதில் உட்கார்ந்ததில்லை. ஏன் என்று நாம் கேட்டதும் இல்லை. நேற்றுத்தான் சொன்னாள். அப்பா அசையாமல் உட்கார்ந்திருந்த அன்றைக்கு இவள் சோறு கொண்டுபோனாளாம். ரத்தினசாமி இவளையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாராம், புருஷன் பெண்சாதி ரெண்டு பேரும் ஒரே தோலில் பதியட்டும் என்று. இத்தனை ஆம்பளைகள் எதிரிலா என்று வெட்கப்பட்டுத் தூக்குச்சட்டியை வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டாளாம். அப்பா திரும்பிக்கூடப் பார்க்க முடியாமல் அப்படியே இருந்தாராம்.

"அவரு எடம் வுட்டுத்தான் வச்சிருந்தாரு. நாந்தான் குந்தல," என்றாள்.

பெஞ்சை ஏற்றிப்போக வசந்தின் வேன் நாளைக் காலை எட்டு மணிக்கு வருகிறது. தோல் நன்றாகக் காய இன்னும் ஒரு பகலாவது வேண்டும். அவளை அதிலிருந்து எழுப்பி இறக்க என்னால் ஆகாது, வேறு யாரையும் தொடவிடவும் மாட்டேன். நான் சொன்னால் வசந்த் கேட்கமாட்டான். எழுத்தில் சம்மதம் கொடுத்தவன் நீ, நீதான் வேண்டாம் என்று எழுத வேண்டும்.

இன்னொன்றும் செய்துவிட்டேன், திட்டாதே. பிள்ளை என்ன சொன்னான், என்ன சொன்னான் என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். வாயில் தண்ணீர்கூடப் படவில்லை. மனசு தாங்காமல், பெஞ்சைத் தரமாட்டேன் என்று நீ சொல்லிவிட்டாய் என்றேன். அதோடு விடாமல், பார்க்க வருகிறாய் என்றும் சொல்லிவிட்டேன். அம்மா ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடித்தாள். குடித்துவிட்டு அப்பாவின் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்கு மறுபக்கத்தில் இன்னும் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டிருக்கிறாள். குடத்தில் மீதி இருக்கிற தண்ணீரைக் கொட்டக்கூடாது என்று சொல்லியிருக்கிறாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

நீ அதில் உட்கார வேண்டாம். அந்த அறைக்குள் வரக்கூட வேண்டாம், வாசலில் நின்று அம்மா என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். நான் சொன்ன பொய்யில் பாதியையாவது இன்று ராத்திரிக்குள் நிஜமாக்கிவிடு, என் கண்ணு. நீயும் உன் குடும்பமும் நன்றாக இருக்க வேண்டும். அம்மாவும், பக்கத்தில் இருக்கிறவரும் உங்களை ஆசீர்வதிக்கிறார்கள்.

இப்படிக்கு,
உன் அக்கா,
சுந்தரி