ஃபுசாயே காய்ச்சிய யூசு சாஸ்

அன்புள்ள கயோவுக்கு,

யூசு எலுமிச்சை அறுவடை முடிந்துவிட்டது. காலையில் கூரையெல்லாம் உறைபனி. நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே? உங்கள் சுட்ட இறைச்சிக் கடையில் கூட்டம் எப்படி?

எழுத ஆரம்பித்தால் வழி தவறிவிடுவேன். அதனால் முதலிலேயே வரிசைப்படுத்திக்கொள்கிறேன்:

1. இத்துடன் அனுப்பும் ஆறு புட்டி சாஸை உன் கடையில் எப்படிப் பரிமாறுவது.
2. அதைக் காய்ச்சிய ஃபுசாயே பற்றி.
3. நீ கேட்டபடி, மார்ச்சில் வீட்டைப் பூட்டிவிட்டு ஒசாகாவுக்கு உன்னோடு இருக்க வந்துவிடுவது.

முதலாவது. இறைச்சியை இதில் ஊறவைக்காதே. மணம் நெருப்போடு போய்விடும். சுட்டு எடுத்த பிறகு சூட்டோடு தொட்டுச் சாப்பிடச் சொல். கொழுப்பான துண்டுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. என் நாக்கை முழுக்க நம்ப வேண்டாம், மாப்பிள்ளையையும் கேள்.

இரண்டாவது. ஃபுசாயே சரிவில் நமக்கு மேல் வீட்டுக்காரர், கணவர் இறந்து ஒன்பது வருடம். அறுபத்தெட்டு வயதில், யூசு மரத்தின் அந்த முள்ளுக்குள் ஏணி வைத்து ஏறித் தானே பழம் பறிக்கிறார். பழத்தைக் குறுக்கே வெட்டி, தோல் கீழே இருக்கும்படி வைத்துத்தான் பிழிவார். தோலின் எண்ணெய் சாற்றோடு சேர்ந்து இறங்கும். விதை நசுங்குவதற்கு ஒரு கணம் முன்னால் கை தானாக நின்றுவிடும். முப்பத்தாறு வருடம் வேதியியல் நடத்தியவன் நான். அந்தக் கணத்தை என்னால் அளக்க முடியவில்லை.

அளக்கப் போய்த்தான் கெடுத்தேன். சோயா, பூண்டு, இஞ்சி, துருவிய ஆப்பிள் எல்லாம் காய்ச்சி ஆறிய பிறகே அவர் யூசுச் சாறு சேர்ப்பார். சேர்த்தே காய்ச்சினால் கெடாமல் இருக்கும் என்று நான் வெப்பமானியோடு போய்ச் சொன்னேன். மறுக்காமல் செய்தார். நாற்பது புட்டியிலும் மணமே இல்லை. நான் தலைகுனிந்து நின்றேன்.

"விடுங்க வாத்தியாரே. கெடாமத்தான் இருக்கு. யாரும் தொட மாட்டாங்க, அப்புறம் எப்படிக் கெடும்?" என்று சிரித்தார்.

மறுநாள் மறுபடி பழம் வெட்ட உட்கார்ந்தார். உனக்கு வருவது அந்த இரண்டாம் முறை காய்ச்சியது.

நேற்று புட்டிகளுக்கு மூடி போடும்போது, "அடுத்த வருஷம் ஏணியைப் பிடிக்க ஆள் வேணும். இருப்பீங்கல்ல?" என்றார். ஒசாகா விஷயத்தை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வந்திருக்கவில்லை. வாயைத் திறந்தேன். "பிடிக்கிறேன்" என்றுதான் வந்தது.

"எழுதிக் குடுங்க. உங்க வாய்ப்பேச்சை நம்பித்தான் நாப்பது புட்டி போச்சு."

எழுதிக் கொடுத்தேன். தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். அவர் சிரிக்காமல் மடித்து இடுப்புத் துணிக்குள் வைத்துக்கொண்டார்.

இன்று காலை உன் அம்மாவின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து இந்த வாக்கைப் பற்றிச் சொன்னேன். உனக்குச் சொல்லத்தான் பயம் அதிகம். எனக்காக அறை ஒழித்து வைத்திருக்கிறாய், புதுப் படுக்கைகூட வாங்கிவிட்டதாக எழுதியிருந்தாய். கோபப்படு, ஆனால் பேசாமல் இருந்துவிடாதே. வசந்த விடுமுறையில் இருவரும் வாருங்கள். முற்றத்தில் கரி மூட்டி இறைச்சி சுடுவோம். அவரை நீ பார்க்க வேண்டும்.

நீங்கள் இருவரும் நோய்நொடியின்றி இருக்க வேண்டும். மேலே மூன்றாவதாக எழுதியது நடக்காது, கயோ.

அப்பா
தோகுஜி