முழங்கால் ஏலாதவர்களின் ஊர்

என் ஆசை அக்காவுக்கு,

நேற்று உங்கள் ஆண்டுத்திவசம் முடிந்தது. அதற்கு முன் உங்கள் மகன் ரமணன் அந்த ஸ்கொட்லாந்து ஊருக்கும் போய் வந்துவிட்டான். என்னையும் கூட்டிக்கொண்டுதான். நான் போகாமல் விட்டிருக்கலாம்.

தொலைக்காட்சியில் பார்த்த நாள் முதல் நீங்கள் கேட்டுக்கொண்டிருந்த ஊர். மலையடிவாரம், கந்தக ஊற்று, அந்தக் காலத்துச் சீமான்களும் சீமாட்டிகளும் நோய் தீர ரயிலேறி வந்து தண்ணீர் குடித்த மண்டபம். இங்கே மொன்றியல் பக்கம் கர்க்லாண்டில் அவன் வீட்டு பேஸ்மென்டில் இருந்து அவன் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே கேட்டீர்கள்.

"உங்களுக்கு முழங்கால் ஏலாதம்மா, அங்கை என்னெண்டு நடக்கிறது? பேந்து பாப்பம்" என்பான்.

அக்கா, அந்த ஊரே முழங்கால் ஏலாதவர்களுக்காகக் கட்டியதுதான். ஊற்று மண்டபம் வரை மெல்லிய சரிவுப் பாதை, கொஞ்சத் தூரத்துக்கு ஒருக்கால் இருந்து களைப்பாற ஒரு வாங்கு. கைத்தடி ஊன்றிய கிழவிகள் எங்களைத் தாண்டி நடந்தார்கள். ரமணனோ வாங்கில் சாய்ந்துகொண்டு, "அம்மா இருந்திருந்தால் நல்லா நடந்திருப்பா, என்ன சின்னம்மா?" என்றான்.

தண்ணீர் கூழ்முட்டை நாற்றம். நீங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்து, எனக்கும் பருக்கியிருப்பீர்கள்.

அவன் அதை ஒரு போத்தலில் நிரப்பினான். திவசப் படையலுக்காம். ஆசைப்பட்டதை வைக்காவிட்டால் ஆத்மா அலையும் என்று யாரோ சொன்னார்களாம். உயிரோடு நீங்கள் ஏங்கியது அவன் கண்ணில் படவேயில்லையா?

நேற்றுப் படையலில் உங்களுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு, வடை, நடுவில் அந்தப் போத்தல். "இப்பிடி ஒரு பிள்ளை கிடைக்கக் குடுத்துவைச்சிருக்கோணும்" என்று வந்த சனம் உருகியது. எழும்பிப் போய்ப் போத்தலை எடுத்துவிட்டேன்.

"என்ன சின்னம்மா செய்யிறியள்? அது அம்மாவுக்கு!"

"அம்மா தண்ணி கேக்கேல்லையடா. தன்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லித்தான் கேட்டவ."

அவன் எல்லார் முன்னாலும் அழுதான். எனக்கு இரக்கம் வரவில்லை. இந்த நிமிடம் வரை வரவில்லை. உங்களுக்கு என்மேல் கோபமா அக்கா? அவன் அழுதால் உங்களுக்குத் தாங்காதே.

அடுத்த திவசத்துக்கு அவன் என்னைக் கூப்பிடமாட்டான். கூப்பிடாவிட்டாலும் வருவேன். உங்களை நல்லாய் வைத்திருந்தான் என்று சொல்லிக்கொண்டு ஒருவரும் அந்த வீட்டில் சாப்பிட்டுக் கைகழுவி எழும்ப விடமாட்டேன். இது உங்கள்மேல் சத்தியம்.

மொன்றியல், செயின்ட்-மிஷேலில் இருந்து,
உங்கள் கூடப்பிறந்த ஒரே தங்கச்சி