கொம்பையா வயலுக்கு இறங்கிய தண்ணீர்

அக்டோபர் 5, ஞாயிறு

உப்பளத்து ரெக்சனின் லாரி வந்துவிட்டது. உப்பளப் பாத்தியின் அடியில் படிகிற ஜிப்சத்தைச் சுரண்டிக் குவித்து வைத்திருப்பார்கள். அவர்களுக்கு அது கழிவு. அதைத்தான் என் களர் வயலில் போடப் போகிறேன். வேளாண்மை அலுவலகத்துப் பெண் சொன்ன வைத்தியம். எங்கள் ஏரல் ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது. "காசிலிங்கம் வயல்ல இனி கருவாடுதான் வெளையும்" என்றானாம் டீக்கடைச் சிவசைலம். கல்யாண வீட்டு மைக்கில் நான் சொல்வதைவிட நல்ல ஜோக். அதுதான் எரிச்சல்.

அக்டோபர் 8

வயல் வெள்ளை வெளேரென்று கிடக்கிறது. சுண்ணாம்பு அடித்தாயிற்று, இனி கதவு ஜன்னல் வைக்க வேண்டியதுதான் என்கிறாள் என் வீட்டுக்காரி பொன்செல்வி. ஒரு வீட்டில் இரண்டு நகைச்சுவைப் பேச்சாளர்கள் இருக்கக் கூடாது.

அக்டோபர் 12

தண்ணீர் கட்டியாகிவிட்டது. ஜிப்சம் கரைந்து மண்ணிலிருந்து களர் உப்பைப் பிரிக்கும். பிரிந்ததை வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் போட்டது வீண். அந்தப் பெண் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். எங்கே வடிப்பது என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

ஓடை, பக்கத்திலிருக்கும் கொம்பையா வயலுக்கு அந்தப் பக்கம். அவருடைய வரப்போரம் சின்னதாக ஒரு வாய்க்கால் வெட்டினால் போதும். ஆனால் அவரிடம் கேட்க வேண்டுமே. வரப்பில் ஆடு மேய்ந்ததற்காக ஆட்டுக்காரனை ஆற்றுப் பாலம் வரை அருவாளோடு விரட்டிய மனுஷன். அவர் நெல் நட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை.

அக்டோபர் 13

கேட்கப் போனேன். அருவாள் தீட்டிக்கொண்டிருந்தார். மழை வருமா அண்ணாச்சி என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அக்டோபர் 15

வரப்பில் தண்ணீர் வடியும் வாமடையைத் திறந்துவிட்டேன். நேராக அவர் பயிருக்குள். என் வயல் தண்ணீர் எப்போதும் அங்கேதானே இறங்கும், வழக்கம்தானே — இதற்குப் பொன்செல்விகூடக் கைதட்ட மாட்டாள்.

அக்டோபர் 29

கொம்பையா பயிர் நுனி கருகுகிறது.

நவம்பர் 16

வடித்த பிறகு நான் நட்டது பச்சை பிடித்துவிட்டது. இந்த வயலில் இப்படி ஒரு பச்சையை நான் பார்த்ததே இல்லை. பார்க்கப் பயமாக இருக்கிறது. கொஞ்சம் மங்கலாக வந்திருக்கக் கூடாதா?

இன்று கல்யாண வீட்டில் மைக் பிடித்தேன். முன்வரிசையில் கொம்பையா. நான் சொன்ன எதற்கும் சிரிக்கவில்லை. தெரிந்துவிட்டதா? அவர் எதற்குமே சிரிப்பதில்லை என்கிறாள் பொன்செல்வி. இது ஆறுதலா?

ஜனவரி 7

வாசலில் கொம்பையா. உட்கார்ந்து காபி குடித்தார். பயிர் ஏன் போயிற்றென்று தெரியவில்லை, மண் கெட்டுவிட்டது போல என்றார். பிறகு, "உம்ம வயலைப் பாத்தேன் வே. அந்த உப்பளத்து மண்ணு எனக்கும் ரெண்டு லோடு சொல்லும்."

அதைவிட என்னை அடித்திருக்கலாம்.

ஜனவரி 8

சொன்னா அருவாள். சொல்லலைன்னா, மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டுருவாரு. ரெண்டுல எதுக்கு அதிகமாப் பயப்படுதேன்? ஏலே காசி, சொல்லித் தொலை.

ஜனவரி 10

சொல்லிவிட்டேன். கேட்கப் பயந்ததை, திறந்துவிட்டதை, எல்லாவற்றையும். வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தார். பைய எழுந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கேட்டிருந்தா வரப்பை நானே வெட்டி விட்டிருப்பேனே வே."

போய்விட்டார். அருவாளே தேவலை.

மார்ச் 2

அறுப்பு முடிந்தது. எனக்குப் போன வருஷத்தைப் போல ஒன்றரை மடங்கு. அவருக்கு வைக்கோல்தான் மிச்சம். வீட்டுச் சாப்பாட்டுக்காவது ஆகட்டும் என்று நெல் கொண்டு போனேன். மகள் இசக்கியம்மா நடையைத் தாண்டி வரவில்லை. "அய்யா வாங்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காவ."

மூட்டையைத் திரும்பத் தூக்கும்போதுதான் அதன் கனம் தெரிந்தது.

ஏப்ரல் 19, ஞாயிறு

ரெக்சன் லாரி இன்று கொம்பையா வயலில். கூலிக்கு ஆள் வைக்க மாட்டாராம். நான்தான் வந்து இறைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஓரத்தில் ஓடை வரைக்கும் ஒரு வாய்க்கால் புதிதாக வெட்டிக் கிடந்தது. என் வரப்பிலிருந்தே தொடங்கியிருந்தது.

காலையிலிருந்து வெள்ளை மண்ணை வாரி வாரி இறைத்தேன். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். அவர் வரப்பில், பக்கத்தில் அருவாள்.

உச்சிப் பொழுதில், "மைக்குல என்னமோ சொல்லுவீரே, ஒண்ணு சொல்லும்" என்றார்.

வாயைத் திறந்தேன். ஒன்றுமே வரவில்லை. திறந்தபடி நின்றேன்.

அதற்குத்தான் சிரித்தார்.