அண்ணன் பார்த்த குத்துச்சண்டைப் படம்

தக்கலை, 6 பிப்ரவரி 1932, சனி

மன்னிக்கணும். பாடக் குறிப்புக்கு வாங்கின நோட்டில் சொந்தக் கதை எழுதுகிறேன். பி.ஏ. படித்தும் நாலு பேர் நடுவில் வாய் திறக்க வராதவளுக்கு வேறு இடம் ஏது?

இன்று டென்ட் கொட்டகை கிருஷ்ணமணி வந்தார். முன்பு என் அண்ணன் ஞானதாசனுடைய குஸ்திக்குத் தெருத்தெருவாகத் தமுக்கடித்தவர். இப்போது ஊமைப் படத்துக்குத் திரை ஓரம் நின்று கதை சொல்கிறார். படத்தில் இடையிடையே வரும் ஆங்கில வரிகளை ஒரு தாளில் எழுதி வாங்கி வந்திருந்தார்.

"டீச்சரே, இதைத் தமிழாக்கித் தரணும். போன படத்துக்கு நானா சொன்னேன். ராணியை அவளுக்க அப்பனுக்கே கெட்டி வச்சிட்டேன்."

சினிமா என்றாலே ஜெபம் பண்ணும் அம்மை கூடச் சிரித்துவிட்டாள்.

கதை இதுதான்: வயதாகிவிட்ட குத்துச்சண்டைக்காரன் ஒருவன் மறுபடி மேடை ஏறுகிறான். கடைசி வரி, 'அன்றும் அவன் தோற்றான்.'

"ஐயோ, ஜெயிச்சான்னு எழுதுங்க. இல்லேன்னா சனம் பெஞ்சைப் பெயர்த்துரும்!"

அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

10 பிப்ரவரி

அண்ணன் படத்துக்குப் போயிருக்கிறான். இது மூன்றாம் நாள்.

11 பிப்ரவரி

விடிகாலையில் கொல்லையில் மூச்சுச் சத்தம். ஜன்னல் வழியே பார்த்தால், அண்ணன் தண்டால் எடுக்கிறான். எட்டு வருஷத்துக்குப் பிறகு!

நான் எண் படித்ததே அந்த முதுகில்தான். எனக்கு ஐந்து வயது, அவனுக்குப் பதினேழு. என்னை முதுகில் உட்கார்த்தி எண்ணச் சொல்வான். முப்பத்தொன்பதுக்கு அப்புறம் ஐம்பது என்பேன். "ஏட்டி, பத்து தண்டாலை எனக்கு மிச்சம் பிடிச்சுத் தந்தியா?" என்று சிரிப்பான். அவன் சிரிக்க நானும் மேலே குலுங்குவேன். நல்லெண்ணெயும் செம்மண்ணும் கலந்த அந்த வாசனை... திருவனந்தபுரம் ஹாஸ்டலில் எத்தனையோ நாள் அதைத் தேடியிருக்கிறேன். அப்பா போனபின் சந்தையில் மூட்டை சுமந்து என்னை அங்கே படிக்க வைத்தவன் அவன்தான்.

1924இல் பகவதியப்பனிடம் தோற்றான். அன்றோடு குஸ்தியை விட்டான். பகவதியப்பன் சந்தைக்கு வந்தால் இவன் வேறு வழியாகப் போவான்.

அம்மை சொல்கிறாள்: மார்ச் ஐந்தாம் தேதி குஸ்தியாம். அதே பகவதியப்பனோடு.

நான் மாற்றி எழுதின ஒரு சொல்லாலா இது? முப்பத்துநாலு வயது. மழை வந்தாலே வலிக்கும் வலது தோள். ஏதாவது ஆகிவிட்டால்?

19 பிப்ரவரி

சொல்லணும். இன்றும் சொல்லல்ல.

3 மார்ச்

சொல்லிவிட்டேன். கிணற்றடியில்.

"அண்ணா, படத்துல அவன் ஜெயிக்கல்ல. நான்தான் மாத்தி எழுதினேன்."

வாளியைக் கீழே வைத்தான். கோபப்படுவான் என்று பார்த்தால் சிரிக்கிறான்!

"எனக்குக் கண்ணு இல்லியா மக்கா? பத்து எண்ணுற வரைக்கும் அவன் மல்லாந்து கெடந்தான். கிருஷ்ணமணிக்க வாய்தான் ஜெயிச்சுது."

"பின்னே ஏன் மூணு நாள் போய்ப் பாத்தே?"

"தோத்தவன் எழும்பிப் போய், அடிச்சவனுக்க கையைப் பிடிச்சான். அதைப் பாக்கத்தான்."

நம் ஊர்க் கோதாவில் தோற்றவன் ஒரு பிடி மண்ணெடுத்து ஜெயித்தவன் கையில் கொடுக்க வேண்டும். அன்று பகவதியப்பன் கையை நீட்டிக்கொண்டு நிற்க, அண்ணன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்துவிட்டானாம். தோற்றதை என்றோ மறந்தாயிற்று, கொடுக்காத மண்தான் உறுத்துகிறது என்றான்.

"வீட்டுக்குப் போய்க் கொடுத்தா ஆகாதா?"

"இறங்காம எப்படிட்டி கொடுக்கது? மண்ணு கோதாவுலதானே கெடக்கு."

5 மார்ச்

கோதாவைச் சுற்றி அடைத்த ஓலைத்தட்டிக்குள் பெண்கள் போவதில்லை. முற்றத்தில் நின்று தமுக்கைக் கேட்டேன். ஒரு பெருங்கூச்சல். அப்புறம் ஒன்றுமில்லை. யார் விழுந்தது? கர்த்தாவே —

6 மார்ச், ஞாயிறு

தோற்றான். பதினொரு நிமிஷம் நின்றானாம். எழும்பி ஒரு பிடி மண்ணும் கொடுத்தானாம். தோள் வீங்கிக் கிடக்கிறது.

ஆனால் நேற்றுச் சாயந்தரம் வாசலில் கேட்டது இரண்டு பேர் குரல். ஒன்று பகவதியப்பனுடையது! அம்மை பதறிப்போய் மீன் குழம்பு விளம்பினாள். சோற்றைப் பிசைந்துகொண்டே அவர், "ஏலே ஞானதாசா, எட்டு வருஷமா எனக்க கை நீண்டே கெடந்துல்லா. வலிக்காதாலே?" என்றார்.

"அதுக்குத்தான் இன்னைக்கு அதைப் பிடிச்சு நல்லா முறுக்கினேன்" என்றான் அண்ணன்.

இருவரும் சிரித்த சிரிப்பில் புரை ஏற, தண்ணீர் கொண்டு ஓடினேன்.

ஈஸ்டர் கழிந்து குலசேகரத்தில் மறுபடி இறங்குகிறார்களாம்.

அண்ணா, சின்ன வயதில் உன் தண்டாலை எண்ணியிருக்கிறேன், உன் தோளுக்கு எண்ணெய் காய்ச்சியிருக்கிறேன். நீ மல்லுக்கட்டி ஒரு நாளும் பார்த்ததில்லை. கேட்க நாக்கு எழவில்லை. இந்தத் தாளைக் கிழித்து உன் சட்டைப் பையில் வைக்கிறேன், எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள்.

குலசேகரத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போ. தட்டிக்கு உள்ளே.